6 வயசு நாய், அபார்ட்மென்ட்டுக்கு வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போறான் – இனிமே பழக்க முடியுமா?

சைதை_சுபா

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படிச்சுட்டு மட்டும் போவேன், இப்ப வேற வழியில்லாம எழுதறேன்.

எங்க மணிக்கு 6 வயசு. நாட்டு நாய்தான், சிப்பிப்பாறைக் கலப்புன்னு சொல்வாங்க. ஒல்லி உடம்பு, 20 கிலோ. விதை எடுக்கலை. குட்டியில இருந்து தேனிப் பக்கம் எங்க மாமனார் வீட்டுல வளர்ந்தவன். பின்னாடி கொல்லை, முருங்கை மரம், மண் தரை. கொல்லைக் கதவு திறந்தே கிடக்கும். அவனா போவான், அவனா வருவான். வீட்டுக்குள்ள ஒரு தடவைகூட அசிங்கம் பண்ணினது இல்லைன்னு அத்தை சத்தியம் பண்றாங்க.

மாமனார் தவறின பிறகு அத்தையும் மணியும் எங்களோட சென்னைக்கு வந்துட்டாங்க. சைதாப்பேட்டையில மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம் வீடு. வந்ததில இருந்து இதே ரோதனை. சாமி ரூம் நிலைப்படி, பீரோ கால், காஸ் சிலிண்டர் மூணும் அவனுக்குக் குறி. அது போதாதுன்னு காலையில எழுந்தா ஹால் நடுவுல குளம் மாதிரி தேங்கி நிக்குது. கீழ பார்க்கிங்குக்குக் கூட்டிட்டுப் போனா அரை மணி நேரம் மோந்து மோந்து சுத்துவான், ஒண்ணும் பண்ண மாட்டான். மேல வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள பீரோகிட்ட காலைத் தூக்கிடுவான்.

வீட்டுக்காரர் "வீம்புக்குப் பண்றான்"னு பேப்பரைச் சுருட்டிக்கிட்டு நிக்கறார். அத்தைக்கு சாமி ரூம் வாசல்ல நடக்கறதுதான் தாங்கலை, ஆனா யாராவது மணியை ஊருக்கே அனுப்பிடலாம்னு சொன்னா "அப்ப எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு"ங்கறாங்க. நடுவுல மாப் போடறது நான்.

குட்டிக்குப் பழக்கறதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. 6 வயசு நாய்க்கு என்ன செய்ய?

பல்லடம்_செந்தில்

ஏனுங்க, இது சின்ன விசயமுங்க. அவன் போற எடத்துல பாச்சை உருண்டையை நாலு போட்டு வைங்க, கொஞ்சம் மொளகாத்தூளும் தூவி உடுங்க. கிட்டவே வரமாட்டான். அப்பறம் போன எடத்துலயே மூக்கை வெச்சுத் தேய்ச்சு ரெண்டு போடணும். ஊட்டுல ஆருக்கு அதிகாரம்னு அவனுக்குத் தெரியணுமுங்க. எங்க தோட்டத்துல எல்லா நாயும் அப்படி வளர்ந்ததுதான்.

வெட்டினரி_தாத்தா

செந்தில் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் பாச்சை உருண்டையை இப்போதே மறந்துவிடுங்கள். அதில் இருப்பது நாப்தலீன். நாய் ஒரே ஒரு உருண்டையைத் தின்றாலும் இரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம், கல்லீரல் கெடலாம். கற்பூரமும் நாய்க்கு விஷம்தான், வலிப்பு வரும். சாமி ரூம் பக்கத்தில் என்பதால் சொல்லி வைக்கிறேன். மிளகாய்த்தூளால் அதன் கண்ணும் மூக்கும் எரியும், பிறகு அடுத்த அறைக்குப் போய் அதே வேலையைச் செய்யும்.

மூக்கைத் தேய்த்தால் நாய் கற்றுக்கொள்வது, "இவர்கள் கண்ணில் படும்படி போகக் கூடாது" என்பதை மட்டும்தான். அதற்குப் பிறகு கீழே கூட்டிப்போனாலும் உங்கள் எதிரில் போகாது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும். சுபா அம்மா, மணி பார்க்கிங்கில் போகாமல் வருவதற்குச் சுருட்டின பேப்பரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பழக்குவதைப் பற்றி யோசிக்கும் முன் எனக்குச் சில விவரம் வேண்டும். நான் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன். நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன், ஆனால் கேள்வி கேட்பேன். பீரோவிடம் போவது எவ்வளவு, நாலு சொட்டா, முழுசாகவா? ஹாலில் தேங்குவது அவன் நின்று போனதா, படுத்த இடத்திலேயே ஒழுகியதா? தண்ணீர் முன்பைவிட அதிகம் குடிக்கிறானா? நிறம் எப்படி? மலம் கழிக்க முக்குகிறானா? தோல் அரிப்புக்கு மாத்திரை ஏதாவது ஓடுகிறதா?

நாஞ்சில்_ரோசி

டாக்டர் ஐயா கடைசியா கேட்டதை நான் அப்படியே ஆமோதிக்கேன். எங்க டாபிக்கு உண்ணிக்கடி அலர்ஜின்னு ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாங்க. ராத்திரி ராத்திரி ஹால் பூரா வெள்ளம். நாங்க என்னமோ நாய்க்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு நினைச்சோம். மாத்திரையினால தாகம் கூடி, தாகத்தினால மூத்திரம் கூடியிருக்கு. அதுக்காக நம்மளா டக்குன்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மாத்திரை முடிஞ்சதும் வெள்ளமும் நின்னுச்சு.

சைதை_சுபா

டாக்டர் ஐயாவுக்கு நன்றி. நேத்து முழுக்க உட்கார்ந்து கவனிச்சேன்.

பீரோ, சிலிண்டர், நிலைப்படி மூணுலயும் காலைத் தூக்கி நாலஞ்சு சொட்டுதான். அதையே நாள் முழுக்கப் பண்றான். ஹால்ல தேங்கறது வேற ரகம், நிறைய, நின்னுதான் போறான். விடியக்காலம் எழுந்து பார்த்தேன். பால்கனிக் கதவுகிட்ட போய்க் கொஞ்ச நேரம் நிக்கறான், திரும்பி வர்றான், மறுபடி போறான், அப்புறம் ஹால் நடுவுல போயிடறான். மாத்திரை எதுவும் இல்லை. நிறம் கொஞ்சம் கலங்கலாத் தெரியுது. மலம் போக ரொம்ப நேரம் குந்தி இருக்கான், வர்றது ரிப்பன் மாதிரி தட்டையா வருது. வெயிலுக்குச் சூடுன்னு நினைச்சு மோர் குடுத்தேன்.

தண்ணி எவ்வளவுன்னு எப்படி அளக்கறது?

வெட்டினரி_தாத்தா

நீங்கள் பார்த்த விதத்துக்கே பாதி வேலை முடிந்தது. அளப்பதற்குக் காலையில் ஒரு பாட்டிலில் அளந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, கிண்ணத்துக்கு அதிலிருந்து மட்டுமே ஊற்றுங்கள். மறுநாள் காலையில் மிச்சத்தைக் கழித்துப் பாருங்கள். பாத்ரூம் வாளியை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். ஒரு நாளைக்கு, கிலோவுக்கு 50, 60 மில்லி சாதாரணம். 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டரைச் சுற்றி. சென்னை வெயிலில் கொஞ்சம் கூடும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது உங்கள் மணி ஒரு நாளில் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், சர்க்கரை, சிறுநீரகம், அட்ரினல் சுரப்பி என்று தேட வேண்டியிருக்கும். எதுவானாலும் ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மறைக்கும் வேலை வேண்டாம்.

உங்கள் வீட்டில் இரண்டு தனித்தனிப் பிரச்சினை ஓடுகிறது. காலைத் தூக்கி நாலு சொட்டு விடுவது மூத்திரப்பை நிறைந்ததால் அல்ல, அது தன் இடம் என்று வாசனையால் குறி வைப்பது. புது இடம், புது வாசனை, போதாததற்கு அடுத்த வீட்டிலோ தெருவிலோ வேறு நாய் இருந்தால் இன்னும் அதிகமாகும். ஹாலில் தேங்குவது மூத்திரம் முட்டியதால். பால்கனிக் கதவுவரை போய் நிற்கிறான் பாருங்கள், அவனுக்குக் கொல்லைக் கதவு நினைவு. கேட்டுப் பார்க்கிறான், திறக்கவில்லை, வேறு வழி தெரியவில்லை. அதை வீம்பு என்று சொல்வது நியாயமில்லை.

ஆனால் கலங்கல் நிறமும் தட்டை மலமும் எனக்குப் பிடிக்கவில்லை. விதை நீக்காத ஆண் நாய், 6 வயது. இந்த வயதில் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்குவது மிகச் சாதாரணம். மூத்திரக் குழாயைச் சுற்றித்தான் அது உட்கார்ந்திருக்கிறது, மேலே மலக்குடல். வீங்கினால் மலம் தட்டையாகும், சிலதுக்குச் சிறுநீரில் இரத்தச் சொட்டு வரும், கிருமியும் சேர்ந்துகொள்ளலாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை, 1903 முதல் இருக்கிற இடம், ஸ்கேன், லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், இரண்டையும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். ஆண் நாய் காலைத் தூக்கி முக்கி முக்கி நின்று, சொட்டுகூட வரவில்லை என்றால் கல் அடைத்திருக்கலாம். அது நாளைக்குப் பார்க்கலாம் என்கிற விஷயம் இல்லை. அன்றே, ராத்திரியானாலும், தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பல்லடம்_செந்தில்

டாக்டருங்க, கோவமெல்லாம் இல்லீங்க. பாச்சை உருண்டை சமாச்சாரம் நெசமாவே தெரியாதுங்க, குடோன்ல கெடந்ததை எடுத்து அலமாரிக்கு மேல வெச்சுட்டேன். ஆனா அடிக்காம நாய் எப்படிங்க அடங்கும்? தோட்டத்து நாய் ஊட்டுக்குள்ள போறதே இல்லைங்களே.

மாடி_மரகதம்

செந்தில் அண்ணா, தோட்டத்து நாய் வீட்டுக்குள்ள இருக்காததுக்குப் பேரு பயிற்சி இல்லை, அது தோட்டத்துல இருக்கு, அவ்வளவுதான். :) அதைக் கொண்டுவந்து மூணாவது மாடியில அடைச்சுப் பாருங்க.

சுபா அக்கா, எனக்கும் இதே கதை, பெரம்பூர்ல. பார்க்கிங்ல ஏன் போகலைங்கறது ஒரு பெரிய விஷயம், அதை யாரும் இன்னும் சொல்லலை. நாய்க்குக் குட்டியில காலுக்கு அடியில எது பட்டுச்சோ அதுதான் கக்கூஸ். மண்ணுல வளர்ந்தது மண்ணைத் தேடும், புல்லுல வளர்ந்தது புல்லைத் தேடும். கூண்டுல சிமெண்ட் தரையில வளர்ந்த பிரீடர் நாயைப் புல்வெளியில விட்டா திருதிருன்னு முழிச்சுட்டு வீட்டு டைல்ஸுக்கு ஓடி வரும். மணிக்கு உங்க பார்க்கிங் பேவர் பிளாக், வீட்டு ஹால், ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுமே மண் இல்லை. அதுல ஹால்ல கார் சத்தம் இல்லை, தெருநாய் இல்லை, லிஃப்ட் இல்லை. நீங்களே சொல்லுங்க, எங்க போவான்?

மண் இருக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. காலி மனை, மரத்தடி, எதுவானாலும். விடியக்காலம் 5 மணி வாக்குல போனா தெருநாய்த் தொல்லையும் கம்மி, தார் ரோடு கால்ல சுடாது.

ஓசூர்_கிரேட்_மணிவண்ணன்

பெயரிலேயே விளக்கம் இருக்கிறது, என் ஆள் கிரேட் டேன். இரும்புக் கூண்டு வாங்குங்கள். நாய் படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யாது. ராத்திரி கூண்டு, காலையில் நேராக வெளியே. என் வீட்டில் வேறு எதுவும் செய்யவில்லை.

மாடி_மரகதம்

குட்டியில இருந்து கூண்டுல பழகின நாய்க்கு அது சரி. 6 வருஷம் கொல்லையில சுத்தினவனைத் திடீர்னு கம்பிக்குள்ள போட்டா பல்லு உடையற வரைக்கும் கடிப்பான், பயத்துலயே உள்ள போயிடுவான். ஒருக்கா படுக்கையில போய்ப் பழகிட்டா கூண்டுக்கு இருக்கற ஒரே பலனும் போச்சு. அதுக்குப் பதிலா வீட்டுக்குள்ளயே நீளமான கயிறு போட்டு உங்க இடுப்புலயோ நாற்காலிக் கால்லயோ கட்டிக்குங்க. நீங்க இருக்கற ரூம்லயே அவன் இருக்கணும். காலைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு மோப்பம், ஒரு சுத்து வருமே, அது கண்ணுல பட்டா "வா போகலாம்"னு கிளம்பிடலாம். கண்ணு மறைஞ்சாத்தானே பீரோகிட்ட போறான்.

ஓசூர்_கிரேட்_மணிவண்ணன்

கதவைத் திறந்து போட்டு, உள்ளே சோறு வைத்து, மெதுவாகப் பழக்கினால் பெரிய நாயும் ஏற்கும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். கயிறு யோசனை இவருக்குச் சரியாக வரும்.

மடிப்பாக்கம்_வாசு

யாரும் சுத்தம் பண்றதைப் பத்திப் பேசலையே? என் அனுபவத்துல பாதி சண்டை அங்கதான் இருக்கு. வாசனை இருக்கற வரைக்கும் நாய் அதே இடத்துக்கு வரும். நமக்கு வாசனை போயிடுச்சுங்கறது கணக்கே இல்லை, அவன் மூக்குக்குப் போகணும்.

பினாயில் ஊத்தினா பினாயில் வாசனைக்கு அடியில மூத்திர வாசனை பத்திரமா இருக்கும். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், மூத்திரத்திலேயே அந்த வாடைதான். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்து மேல நேராக் கொட்டாதீங்க, ரெண்டும் சேர்ந்தா வர்ற வாயு நெஞ்சைப் பிடிக்கும், அதுவும் ஜன்னல் சாத்தின ஏசி ரூம்ல. பழைய துணியால ஒத்தி எடுத்துட்டு, தண்ணி விட்டுத் துடைச்சுட்டு, செல்லப்பிராணிக் கடையில விக்கற என்சைம் கிளீனர் ஊத்தி, பாட்டில்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் ஈரமாவே விடணும். உடனே துடைச்சா காசு வேஸ்ட். பினாயில் போட்ட இடம்னா முதல்ல வெறும் தண்ணியில நல்லாக் கழுவிட்டு அப்புறம் போடுங்க, இல்லைன்னா என்சைம் வேலை செய்யாது. வினிகர் டைல்ஸுக்குப் பரவாயில்லை, மார்பிள், மொசைக், ரெட் ஆக்சைடு தரைக்கு வேண்டாம், பாலிஷ் தின்னுடும்.

இன்னொண்ணு. கள்ள நோட்டு பார்க்கற ஊதா டார்ச் இருக்கே, அதை வாங்கி ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுட்டு முட்டி உயரத்துக்கு அடிச்சுப் பாருங்க. காய்ஞ்ச மூத்திரம் மஞ்சப் பச்சையா மின்னும். சோப்புத் திட்டும் மின்னும், அதனால மோந்து உறுதி பண்ணிக்கணும். (ஆமாம், மோந்துதான். மூணாவது மாடியில யாரு பார்க்கப் போறா.)

சைதை_சுபா

வாசு சார், டார்ச் அடிச்சுப் பார்த்தோம். அடிச்சிருக்கவே வேண்டாமோன்னு இருக்கு. நாங்க மூணு இடம்னு நினைச்சோம். பீரோவோட பின்பக்கம், வாஷிங் மெஷின் ஓரம், சோபாவுக்குக் கீழ்ப் பாவாடை மாதிரி தொங்குமே அந்தத் துணி, அத்தை கட்டில் கால், டைல்ஸ் நடுவுல இருக்கற கிரவுட் கோடு பூரா பச்சைக் கோலம். வீட்டுக்காரர் பேப்பரைக் கீழ போட்டுட்டு, "இவ்வளவு நாள் இதுக்கு நடுவுலயா உட்கார்ந்து சாப்பிட்டோம்"னார்.

சாமி ரூம் நிலை மரச்சட்டம், அடியில பெயின்ட் உரிஞ்ச இடத்துல ஊறிப் போயிருக்கு. அதுக்கு என்ன பண்றது?

மடிப்பாக்கம்_வாசு

மரத்துல என்சைம் ரெண்டு மூணு தடவை போட்டு நல்லாக் காய விடுங்க. வாசனை போனதும் உரிஞ்ச இடத்துக்கு பிரைமர், அதுக்கு மேல பெயின்ட். வாசனையோட பெயின்ட் அடிச்சா உள்ள மூடின மாதிரிதான், வெயில் காலத்துல வெளிய வரும். சோபாத் துணியைக் கழட்டி எறிஞ்சுடுங்க, அது யாருக்கும் வேண்டாம்.

வெட்டினரி_தாத்தா

துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீர் வழியாக நாய்க்கு லெப்டோஸ்பைரோசிஸ் வரும், நாய் மூத்திரம் வழியாக மனிதருக்கும் தொற்றும். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் பெரும்பாலும் அதுவும் சேர்ந்திருக்கும், மணிக்குப் போட்டதா என்று அட்டையைப் பாருங்கள். கண் மஞ்சளாக இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

சிறுநீர் மாதிரி எடுப்பது பற்றிப் பலர் தனிச்செய்தியில் கேட்டார்கள். விடியற்காலை முதல் சிறுநீர் நல்லது. கொதிநீரில் கழுவிய பாத்திரம், நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க முடியாவிட்டால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இது போதாது, அதற்கு மருத்துவரே ஊசி மூலம் மூத்திரப்பையிலிருந்து நேராக எடுப்பார். பார்க்கப் பயமாக இருக்கும், நாய்க்கு ஊசி போட்ட அளவு வலிதான்.

கோவில்பட்டி_குமரேசன்

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எங்க வீட்டுல பொட்டை லேப்ரடார், 8 வயசு, கருத்தடை பண்ணி வருசமாச்சு. காலைல எந்திரிச்சா படுத்த சாக்கு நனைஞ்சு கிடக்கு. பகல்ல சரியா வெளிய போகுது. இதுவும் குறி வைக்கறதா?

வெட்டினரி_தாத்தா

இல்லை. தூக்கத்தில் ஒழுகுகிறது, அவளுக்கே தெரியாது. கருத்தடைக்குப் பிறகு ஹார்மோன் குறைந்து மூத்திரப்பை வாய்த் தசை தளர்வதால் சில பெட்டைகளுக்கு வரும், அறுவை முடிந்து சில வருடம் கழித்துக்கூட வரும், உடல் பெருத்த இனங்களில் அதிகம். இதற்கென்றே மாத்திரை உண்டு, பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். முதலில் கிருமி, கல் இல்லை என்று பரிசோதனை செய்துவிட வேண்டும். எதற்காகவும் திட்டாதீர்கள்.

இதைப் படிக்கிற, கருத்தடை செய்யாத பெட்டை வைத்திருப்பவர்களுக்கு: சூட்டுக்கு வந்து சில வாரம் கழித்து நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள் போய், சோறு எடுக்காமல் சோர்ந்து கிடந்தால் கர்ப்பப்பையில் சீழ் வைத்திருக்கலாம். சில நேரம் வெளியே சீழ் தெரியாது. அது உயிர்ப் பிரச்சினை.

சைதை_சுபா

அப்டேட். சாம்பிள் பிடிச்ச கதையைச் சொல்லியே ஆகணும்.

சாம்பார் கரண்டியை விறகுக் குச்சியில துணி சுத்திக் கட்டினேன். விடியக்காலம் நானும் அத்தையும் மணியைக் கூட்டிக்கிட்டு ரெண்டு தெரு தள்ளி ஒரு காலி மனைக்குப் போனோம், மரகதம் சொன்னாப்பல. உள்ள எருக்கஞ்செடி, கொஞ்சம் மணல் கொட்டி வெச்சிருந்தாங்க. மணி மணல்ல காலை வெச்சதுமே நின்னுட்டான். அப்படியே ஒரு சுத்து சுத்தி, காலைத் தூக்கி, போய்க்கிட்டே இருக்கான். எவ்வளவு நேரம்! கரண்டியை நீட்டினா திரும்பிப் பார்த்துட்டு நிறுத்திட்டான். அத்தை அந்தப் பக்கம் போய் "மணி, சாமி, போடா கண்ணு"ன்னு பேச்சுக் குடுக்க, நான் பின்னாடி இருந்து நீட்டிப் பிடிச்சேன். வாட்ச்மேன் ஒருத்தர் என்ன வேண்டுதலோன்னு பார்த்துட்டுப் போனார். கரண்டியைத் தூக்கிப் போட்டாச்சு, கவலைப்படாதீங்க.

ரிசல்ட்: கிருமித் தொற்று இருக்கு, ஸ்கேன்ல ப்ராஸ்டேட் வீங்கியிருக்கு. கல் இல்லை, சர்க்கரை இல்லை. சில வாரத்துக்கு ஆன்டிபயாடிக், அதுக்கப்புறம் விதை எடுத்துடலாம்னாங்க. வீட்டுக்காரர்தான் கொஞ்சம் தயங்கறார், "ஆம்பளை நாய், காயடிக்கணுமா"ன்னு.

வெட்டினரி_தாத்தா

ப்ராஸ்டேட்டுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது என்று அவரிடம் சொல்லுங்கள். விதை எடுத்தால் சில வாரங்களில் சுரப்பி தானாகச் சுருங்கும். ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்த வேண்டாம், அந்தச் சுரப்பிக்குள் மருந்து ஏறுவதே கஷ்டம், அதனால்தான் வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். குறி வைப்பது பல நாய்களுக்கு நன்றாகக் குறையும், எல்லாவற்றுக்கும் அறவே நிற்காது. ஆறு வருடப் பழக்கம் ஹார்மோனை நம்பி மட்டும் இல்லை.

மாடி_மரகதம்

மணல்ல போனதைப் படிச்சு எனக்கே சந்தோஷம். அக்கா, இப்ப ஒரு முக்கியமான விஷயம். அவன் போனதும் உடனே வீட்டுக்குத் திருப்பாதீங்க! நம்ம அவசரத்துக்கு அதைத்தான் எல்லாரும் பண்றோம். போனா வாக்கிங் முடிஞ்சுதுன்னு நாய் கணக்குப் போட்டுக்கும். அப்புறம் சுத்தறதுக்காகவே அடக்கி வெச்சுக்கும், நம்ம பொறுமை போய் மேல கூட்டிட்டு வந்ததும் உள்ள போகும். அதனால முதல்ல ஒரே இடத்துல நில்லுங்க, பேசாதீங்க, போனதும் அந்த நொடியே வேகவெச்ச ஈரல் துண்டு ஒண்ணு, அதுக்கப்புறம்தான் ஊர் சுத்தல். வீட்டுக்கு வந்து குடுத்தா லிஃப்ட்ல வந்ததுக்குக் கிடைச்சுதுன்னு நினைச்சுக்குவான்.

போகும்போது ஒரே ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்க. அத்தை சொன்ன "போடா கண்ணு"வே போதும். எழுந்ததும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலயும், மத்தியானத் தூக்கம் முடிஞ்சும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் கண்டிப்பா. மருந்து ஓடற வரைக்கும் நடுவுலயும். கிருமி இருக்கறப்ப அவனால அடக்க முடியாது, அந்த நாள்ல உள்ள போனதைக் கணக்குல சேர்க்காதீங்க.

சைதை_சுபா

ராத்திரியும் மழையும்தான் யோசனையா இருக்கு. ஐப்பசி, கார்த்திகை வந்தா அந்த மனையில முட்டி வரைக்கும் தண்ணி நிக்குமாம். அத்தைக்கு முட்டி வலி, நான் ஆபீஸ் போயிட்டா ஒரு நாளைக்கு அத்தனை தடவை இறங்கி ஏற முடியாது.

மாடி_மரகதம்

பால்கனியில மண் தொட்டி. கொத்தனார் கலவை போடற பெரிய பிளாஸ்டிக் தட்டு, இல்லைன்னா அகலமான மாடித்தோட்டத் தொட்டி. ஆழம் வேண்டாம், அகலம் வேணும், அவன் நாலு காலும் உள்ள நிக்கணும். அவன் காலைத் தூக்கறவன், அதனால நடுவுல ஒரு கட்டையை நட்டு வைங்க, இல்லைன்னா சுவருக்குத்தான் அடிப்பான். மனையில அவன் போன மண்ணைக் கொஞ்சம் அள்ளிட்டு வந்து கலந்துடுங்க. மண்ணை அடிக்கடி மாத்தணும், தண்ணி கீழ் வீட்டுக்குச் சொட்டாம பார்த்துக்குங்க. அதுல ஆரம்பிக்கற சண்டை நாய் சண்டையைவிடப் பெருசு.

மடிப்பாக்கம்_வாசு

அசோசியேஷன்ல "நாயை லிஃப்ட்ல ஏத்தாதே"ன்னு கிளம்பினா, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் விட்ட வழிகாட்டுதலைப் பிரின்ட் எடுத்துக் குடுங்க. நாய் வளர்க்கத் தடை போட முடியாது, லிஃப்ட்டுக்கும் தடை போட முடியாது. ஆனா சட்டம் பேசறதுக்கு முன்னாடி பார்க்கிங்ல மலத்தை அள்ளற கவரைக் கையில எல்லாரும் பார்க்கற மாதிரி தொங்க விட்டுட்டு நடங்க. அது பிரின்ட்டை விட நல்லா வேலை செய்யும்.

சைதை_சுபா

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுடுங்க.

மருந்து முடிஞ்சு, ஆபரேஷனும் ஆச்சு. மலம் சரியாயிடுச்சு. ஹால்ல குளம் நின்னு போச்சு. பால்கனியில மண் தொட்டி வெச்சோம், முதல்ல அதுல ஏறிப் படுத்துத் தூங்கினான். அத்தை தேனியில இருக்கற தங்கச்சிக்குப் போன் போட்டு, கொல்லை மண்ணை அரிசிச் சாக்குல கட்டி பஸ்ல போட்டு அனுப்பச் சொன்னாங்க. பஸ் ஸ்டாண்டுல போய் மண் மூட்டையை இறக்கினது என் வீட்டுக்காரர், அவர் முகத்தைப் போட்டோ எடுக்காம விட்டது வருத்தம். அந்த மண்ணைக் கலந்த அன்னிக்கே அதுல போனான். தேனி மண்ணுக்காகவா, மனை மண்ணையும் அப்பத்தான் கலந்தோம் அதுக்காகவான்னு தெரியாது. அத்தையைக் கேட்டா தேனிதான்.

சிலிண்டரை விட்டுட்டான். சாமி ரூம் நிலையும் பெயின்ட் அடிச்சதுக்கப்புறம் விட்டுட்டான். அங்கயே அவன் சோத்துத் தட்டை வைங்கன்னு யாரோ தனிச்செய்தியில சொன்னாங்க, சாப்பிடற இடத்துல போகாதாம். அத்தை சாமிக்குப் பக்கத்துல கறிச்சோறான்னு கேட்டதால தட்டுக்குப் பதிலா அவன் படுக்கையைப் போட்டோம், அதுவே போதுமா இருந்துச்சு.

பீரோ மட்டும் இன்னும் பாக்கி. எதிர் வீட்டுல புதுசா ஒரு பக் நாய் வந்திருக்கு, அது குரைக்கற அன்னிக்கெல்லாம் பீரோவுக்கு அபிஷேகம். விருந்தாளி வந்தா வயித்துப் பட்டை கட்டிவிடறோம்.

கோவில்பட்டி_குமரேசன்

அக்கா, எங்களுக்கும் மாத்திரை நல்லாக் கேக்குது, சாக்கு காய்ஞ்சு கிடக்கு. டாக்டர் ஐயாவுக்குக் கும்பிடு. அந்த வயித்துப் பட்டை எங்க வாங்குனீங்க? எங்க சித்தப்பா வீட்டு டேஷ்ஹண்டுக்கு வேணும். ஆம்பளை நாய், டிவி ஸ்டாண்டை விடவே மாட்டேங்குது.

சைதை_சுபா

வாங்கலை தம்பி, அத்தையே தைச்சாங்க. பழைய பருத்தி வேட்டியை நாலா மடிச்சு, ரெண்டு முனையிலயும் ஒட்டற பட்டை வெச்சு, உள்ள சானிட்டரி பேட். ரெண்டு விரல் உள்ள போற அளவுக்கு லூஸா கட்டணும். நனைஞ்சதும் மாத்திடணும், விட்டா தோல் புண்ணாயிடும். ராத்திரி கட்டி விடாதீங்க. வெளிய கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி கழட்டிடணும். ஒரு நாள் வீட்டுக்காரர் மறந்துட்டார், மணி மண்ணுல நின்னு ஜம்முனு காலைத் தூக்கி முழுசையும் பட்டைக்குள்ளயே விட்டுட்டு ஈரலுக்கு நாக்கை நீட்டறான். குடுக்கறதா வேண்டாமான்னு அவர் எனக்குப் போன் பண்ணிக் கேட்டார். குடுங்கன்னேன்.